இணைகோட்டுக்கு இரண்டு நிபந்தனை

போன வாரம் அக்கா மகள் ஒரு கணக்கைப் படம் பிடித்துப் போனில் அனுப்பியிருந்தாள். "சித்தி, இந்த இருபடிச் சமன்பாடு இணைகோடுகளைக் குறிக்குதுன்னு எப்படிக் காட்டுறது?" அவளுக்கு அது வெறும் வீட்டுப்பாடம். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. ஐம்பது தாண்டியவள் சொந்தச் சமையலறையில் நின்றுகொண்டு x, y-யைப் பார்த்து வியர்க்கிறேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

முதலில் வந்தது சாக்பீஸ் தூள் வாசனைதான். தொண்ணூற்றொன்றில் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு ஆம்பூரிலிருந்து பெங்களூர் வந்து, மல்லேஸ்வரத்தில் ஒரு பி.யூ. கல்லூரியில், நம்மூர் பிளஸ் டூ மாதிரி, லெக்சரராகச் சேர்ந்தேன். தங்கியது ஈஜிபுராவில், மாமா வீட்டில். புடவை அவிழ்ந்துவிடுமோ என்று ஏழு ஊக்கு குத்திக்கொண்டு போவேன். உட்கார்ந்தால் ஏதாவது ஒன்று குத்தும். அதனாலேயே சுறுசுறுப்பான டீச்சர் என்று பெயர் வாங்கினேன்.

அந்த டிசம்பரில் காவிரி விவகாரம் கொதித்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் தமிழ் பேசாதே என்றார் மாமா. என் கன்னடமோ வேண்டும், வேண்டாம் என்கிற 'பேக்கு', 'பேடா'வோடு சரி. ஊமையாகவே போய்வந்தேன்.

அன்று காலை போர்டில் h² = ab என்று எழுதி, இது இருந்தால் இணைகோடுகள் என்று முடித்துவிட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். (x + y)² = x என்பதிலும் h² = ab தானே மேடம், அதுவும் இணைகோடா? எண்பது பேரும் என்னையே பார்த்தார்கள். டஸ்டரை எடுத்துப் போர்டை அழிக்க ஆரம்பித்தேன். நல்லவேளை, மணி அடித்தது.

ஸ்டாஃப் ரூமில் எனக்குப் பக்கத்து நாற்காலி சாரதா. என் வயதுதான். கன்னடக்காரி, தமிழ் நன்றாகப் பேசுவாள், 'டி' போடுகிற இடத்தில் மட்டும் 'கணே' வரும். "அது பாரபோலா கணே. bg² = af²-ம் சேந்து வரணும், அப்பதான் இணைகோடு." நோட்டில் குறித்துக்கொண்டு, கீழே பெரிதாக 'மறக்காதே' என்று தமிழில் எழுதினேன்.

அரை மணி நேரத்தில் பியூன் ஓடிவந்தார். கலவரமாம், பஸ் நின்றுவிட்டதாம், காலேஜை மூடுகிறார்களாம். சாரதா என் கையைப் பிடித்தாள். "எங்க வீடு பத்து நிமிஷ நடை. நீ வாயே தெறக்காத."

தெருவில் டயர் எரியும் நாற்றம். கடைகளெல்லாம் ஷட்டர் இறங்கியிருந்தன. மூலையில் ஏழெட்டுப் பேர், கையில் கட்டை. ஒருவன் வழிமறித்து, "எல்லிகே?" என்றான். எங்கே போகிறாய் என்று என்னைத்தான் கேட்டான். சாரதா முந்திக்கொண்டாள். கணக்கு மேடம், கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு என்று கன்னடத்தில் அடித்துவிட்டாள். அவன் என் நோட்டைப் பிடுங்கிப் புரட்டினான். 'மறக்காதே' எழுதியிருந்த பக்கம் வந்ததும் அவன் கை நின்றது. சாரதாவின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். என் தம்பி வயதுதான் இருக்கும். "ஏனோ அது?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான், என்னடா அது என்று.

"லெக்க," என்றான் இவன். கணக்கு. நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு விலகி நின்றான்.

மூன்று நாள் சாரதா வீட்டில் இருந்தேன். அவள் அம்மா ஜன்னல்களைச் சாத்திவைத்து அரிசிமாவில் அக்கி ரொட்டி தட்டிப் போட்டார். வாசலில் காலடி கேட்டால் என்னை உள்ளறைக்குத் தள்ளுவார். நான் அங்கே இருப்பது தெரிந்தால் அவர்களுக்கும் ஆபத்துதான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான்காம் நாள் மாமா வந்து அழைத்துப்போய் ஊருக்கு அனுப்பினார். வேலையும் அதோடு போயிற்று.

சாரதா இரண்டு கடிதம் போட்டாள். இரண்டிலும் ஒரே கேள்வி, பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா என்று. பெங்களூர் முத்திரை கண்ணில் படாதபடி இரண்டையும் பெட்டியின் அடியில் போட்டுவைத்தேன். பதில் எழுதவில்லை.

பல வருடம் கழித்து, என் கணவருக்கு வேலை கிடைத்து பெங்களூருக்கே வந்தோம். முதல் ஞாயிற்றுக்கிழமையே மல்லேஸ்வரம் போனேன். சாரதா வீடு இருந்த இடத்தில் நாலு மாடி அபார்ட்மெண்ட். வாட்ச்மேனுக்கு ஒன்றும் தெரியவில்லை. எதிர்க்கடைக்காரர்தான் என் கன்னடத்தைக் கேட்டுவிட்டுத் தமிழிலேயே சொன்னார்: "அவங்க வித்துட்டுப் போயி ரொம்ப நாளாச்சும்மா. எங்கன்னு யாருக்கும் தெரியல."