கோல்ஃப் மைதானம் உண்டென்று எழுதியவன்

எழுபதுகளின் கடைசியில் நான் கடற்கரை விடுதி ஒன்றில் வேலை பார்த்தேன். பதவியின் பெயர் விருந்தினர் தொடர்பு அலுவலர். அதாவது, கொசு கடிக்கிறது என்று யாராவது புகார் சொன்னால் அந்தக் கொசுவின் சார்பாக மன்னிப்புக் கேட்பவன். விடுதிக்குச் சொந்தமாகச் சவுக்குத் தோப்புக்குள் ஒன்பது குழிகளுடன் ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தது. முழுக்க மணல். பந்து விழுந்த இடத்திலேயே புதைந்துகொள்ளும். இரண்டாம் நாளும் அங்கே ஆடப்போன விருந்தினரை நான் பார்த்ததில்லை.

முதலாளி ஒருநாள் கூப்பிட்டு, விருந்தினர்கள் போய்ப் பார்க்கத் தக்க இடங்களைப் பற்றி ஒரு துண்டுப் பிரசுரம் எழுதச் சொன்னார். கோயில்கள் எல்லாம் தீர்ந்த பிறகும் கடைசிப் பக்கத்தில் பாதி காலியாகக் கிடந்தது. நான் நிறையப் படித்தவன். படித்தவனுக்குக் காலி இடத்தைக் கண்டால் பொறுக்காது. ஜவ்வாது மலையை அதுவரை ரயிலிலிருந்துகூடப் பார்த்திராத நான், அங்கே மலைமக்களின் நடனமும் சரிவில் இயற்கையே அமைத்த கோல்ஃப் மைதானமும் உண்டு என்று எழுதி நிரப்பினேன்.

ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் அதை வாசித்தார். வடக்கத்திக்காரர், மனைவியுடன் பத்து நாளாகத் தங்கியிருந்தார். மணலில் ஏழு பந்துகளைத் தொலைத்த கோபம் வேறு. இயற்கை அமைத்த மைதானத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ என்றார். அப்படி ஒன்று இல்லை என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் அவகாசம் இருந்தது. அந்த அரை நிமிடத்தை நான் புன்னகைக்கச் செலவிட்டேன்.

கர்னலின் மனைவியும் சேர்ந்து மூவருமாகத் திருப்பத்தூரில் ஜீப் பிடித்தோம். ஓட்டியவர் வாணியம்பாடி பாய். மலையேறி, புதூர்நாட்டைத் தாண்டி ஒரு சிற்றூரில் நிறுத்தினார். நான் ஊர்க் கவுண்டரைப் பார்த்துப் பேசி, சாயங்காலம் மேளத்தோடு நடனம் ஆட ஒப்புக்கொள்ள வைத்தேன். ஊரை ஒட்டி மேலே புல் முளைத்த தரிசுச் சரிவு. அதற்குக் கீழே ஒருவர் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். கர்னல் சரிவைப் பார்த்துவிட்டுப் பிரசுரத்தில் எழுதியது சரிதான் என்றார். எனக்கே ஆச்சரியம்.

மட்டைகளைக் கண்டதும் உழுதவர் ஏரை நிறுத்திவிட்டு மேலே வந்தார். என்ன செய்யப்போகிறோம் என்று விளக்கினேன்.

“சும்மா கெடக்கற நெலம்தானே, அடிங்க சார். ஏரு இந்த மேல் கோடிக்கு வர்றப்ப மட்டும் நிறுத்திக்குங்க. மாடு மெரண்டுச்சுன்னா என் வெதைப்பு போச்சு. இந்த ஈரம் மூணு நாளு நிக்கும், அவ்ளோதான்.”

சாமை விதைக்கும் பருவம். ஒரே ஒரு மழை பெய்திருந்தது. அந்த ஈரம் காய்வதற்குள் விதை மண்ணுக்குள் போயாக வேண்டும். ஊரில் எல்லார் ஏரும் அதே அவசரத்தில் இருந்ததால், ஒருவர் மாட்டை இன்னொருவர் கடன் கேட்க வழியில்லை.

கர்னல் என்னைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். அவருக்கு ரொம்ப மகிழ்ச்சியாம் என்று மொழிபெயர்த்தேன். மிச்சத்தைச் சொன்னால் கர்னலுக்கு எரிச்சல் வரும் என்று தோன்றியது. ஓர் ஏழை விவசாயியைவிட ஒரு விருந்தினரின் எரிச்சலுக்குப் பயப்படப் பழக்கப்பட்டிருந்தேன். அதற்குத்தான் சம்பளம்.

மூன்று பந்துகள் காட்டுக்குள் போயின. நான்காவதை அவர் அடித்தபோது ஏர் மேல் கோடியில் திரும்பிக்கொண்டிருந்தது. கர்னலின் வாழ்நாளில் நேராகப் போன ஒரே பந்து அதுவாகத்தான் இருக்கும். வலப்பக்க மாட்டின் வலது கண்ணில் போய் இறங்கியது. தேங்காயை ஈரத்துணியில் சுற்றி உடைத்ததுபோல ஒரு சத்தம்.

மாடு கத்தவில்லை. முன்னங்கால்களைத் தூக்கி, ஜோடியையும் ஏரையும் இழுத்துக்கொண்டு சரிவில் பாய்ந்தது. மேழியை விடாமல் பிடித்திருந்தவர் தரையோடு இழுபட்டார். கலப்பை துள்ளி, அதன் இரும்புக் கொழு அவர் கெண்டைக்காலைக் கிழித்தது. நுகத்தடி பாறையில் மோதி முறிந்த பிறகுதான் மாடுகள் நின்றன. அடிபட்ட மாட்டின் கண் இருந்த இடத்திலிருந்து ரத்தம் வாய்வரை வழிந்தது. அது நாக்கை நீட்டி அதை நக்கிக்கொண்டது.

அவருடைய தம்பி கழியோடு மேலே ஓடிவந்தார். கர்னல் பட்டாளத்துக்காரர், கழியோடு ஓடிவருகிறவனைக் கண்டால் என்ன செய்வதென்று அவர் கைக்குத் தெரியும். மட்டையை வீசினார். தம்பியின் தோள்பட்டை எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. அடுத்த நிமிடம் ஊரே எங்களைச் சுற்றி நின்றது. ஆட்டத்துக்காகத் தீயில் காட்டிக்கொண்டிருந்த மேளங்களைக் கழுத்திலிருந்து கழற்றாமலே நான்கு பேர் வந்திருந்தார்கள். யாரோ எறிந்த கல்லில் கர்னலின் புருவம் கிழிந்தது. பாய் குறுக்கே விழுந்து தடுத்தார்.

ஊர்க் கவுண்டர் வந்தார். காயம்பட்ட மூன்று பேரையும் ஒரு மாட்டையும் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

“விருந்தாளி மேல கை வெக்கறது நம்ம நாட்ல வழக்கம் இல்ல. கூட்டியாந்தவன் யாரு?”

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பாயும் பார்த்தார்.

விருந்தாளி செய்த குற்றத்துக்குக் கூட்டி வந்தவன் அடி வாங்க வேண்டும். நின்றுபோன வேலையை முடித்துக் கொடுக்கும்வரை ஊரை விட்டுப் போகக் கூடாது. இதுதான் அங்கே வழக்கம். அதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் என் துயரம். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். தம்பிக்குக் கை தூக்க முடியாததால் அவர் மச்சான் புளிய விளாரை எடுத்தார். முதல் நாலைந்து அடிகளை மானத்தோடு வாங்கினேன். பிறகு நான் போட்ட சத்தத்தை இங்கே எழுத்தில் தர இயலாது. முதுகுத் தோல் உரிந்து விளாரோடு போனது. கர்னலின் மனைவி ஜீப்பிலிருந்து புகைப்படம் எடுத்தார். இதுதான் பிரசுரத்தில் சொன்ன நிகழ்ச்சியா என்று பாயிடம் விசாரித்தாராம்.

“இன்னா சார் பண்றது. நீங்க இருங்க, நான் இவங்கள எறக்கி வுட்டுட்டு வர்றேன்,” என்று பாய் கிளம்பினார்.

மறுநாள் முழுக்க மாடு எழுந்திருக்கவில்லை. பச்சிலையை அரைத்து அதன் கண்குழியில் அப்பினார்கள். மிச்சம் இருந்ததை என் முதுகில் அப்பினார்கள்.

மூன்றாம் நாள் காலையில் புது நுகத்தடி வந்தது. குருட்டுக் கண் வெளிப்பக்கம் இருந்தால் மாடு நிழலுக்கெல்லாம் மிரளும். ஜோடியின் பக்கமாக இருந்தால் துணையின் உடம்பை ஒட்டி நடந்துவிடும். ஆகவே வலப்பக்க மாட்டை இடப்பக்கம் மாற்றிப் பூட்டினார்கள். எட்டு வருடம் ஒரு பக்கமே நடந்த மாடு. அது ஒப்பவில்லை. மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நடத்தும் வேலை எனக்கு. இரண்டு முறை என்னைக் கொம்பால் தள்ளியது. ஒரு முறை விலாவில் உதைத்தது. நான்காவது முறை அது படுத்துவிட்டது. மண்ணைக் கிள்ளிப் பார்த்தேன். மேலே புழுதி, ஒரு விரல் ஆழத்தில் ஈரம்.

உழுகிறவர் காலில் கட்டோடு நொண்டி வந்து சாட்டைக் கம்பை ஓங்கினார். கை மேலேயே நின்றது. இறக்கிவிட்டார். மறுபடி ஓங்கினார். பிறகு கம்பை என்னிடம் நீட்டினார்.

“இத்தினி வருசத்துல இத ஒரு அடி அடிச்சதில்ல. எனக்குக் கை வரல. நீ அடி.”

நான் தயங்கினேன்.

“அடி. சாயங்காலத்துக்குள்ள வெதைக்கலன்னா ரெண்டுமே அடிமாடாத்தான் போவும்.”

அடித்தேன். என்னை அடித்தது எப்படி என்று எனக்குப் புதிதாகத் தெரிந்திருந்தது. அதே மாதிரி அடித்தேன். முதுகில், தொடையில், வால் மூட்டில். மாட்டின் தோல் ஒவ்வோர் அடிக்கும் தனியாகத் துடித்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேழியை மட்டும் பிடித்திருந்தார். எத்தனை அடி என்று தெரியாது. ஒரு கட்டத்தில் மாடு எழுந்தது. குருட்டுப் பக்கத்தைத் துணையின் விலாவில் சாய்த்து, ஓரடி வைத்தது. பிறகு இன்னோர் அடி. கோடிவரை போய்த் திரும்பியது.

அவர் மனைவி மடியிலிருந்து சாமையை அள்ளி, எங்கள் பின்னாலேயே விதைத்துக்கொண்டு வந்தாள். நான் கம்பைக் கீழே போடப் போனேன்.

“வெச்சிக்க, இன்னும் பாதி நெலம் கெடக்குது,” என்றார்.