ஆறு வாரத்துக்கு ஒருமுறை

எட்டாம் வகுப்பில் என் பின்னலைப் பார்த்தே எங்கள் வீட்டு ஷிப்ட்டைச் சொல்லிவிடுவார்கள். இரண்டு பின்னலும் நேராக, ரிப்பன் மடித்துக் கட்டியிருந்தால் அம்மாவுக்கு இரண்டாம் ஷிப்ட். ஒன்று காதுக்கு மேலும் மற்றது கழுத்தோரமும் தொங்கினால் அம்மா விடிவதற்குள் முதல் ஷிப்ட்டுக்குப் போய்விட்டாள், பின்னியது நைனா என்று அர்த்தம். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். கும்மிடிப்பூண்டியில் பாதிப் பேர் அப்படித்தான்.

நைனாவுக்குச் சிப்காட்டில் இரும்புக் கம்பி போடும் மில்லில் வேலை. வாரத்துக்கு ஒன்றாக மூன்று ஷிப்ட் மாறி மாறி வரும். அம்மா வயர் கம்பெனியில் இருந்தாள். அங்கே பெண்களுக்கு இரண்டே ஷிப்ட், அதுவும் வாரத்துக்கு வாரம் மாறும். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்றும் யாராவது ஒருவர் தூக்கக் கலக்கத்தில் இருப்பார்.

அந்த வருடம் அறிவியல் கண்காட்சிக்கு எனக்கு வந்த தலைப்பு, பூமியும் செவ்வாயும் எத்தனை நாளுக்கு ஒருமுறை நெருங்கும் என்பது. ஒரு பிளைவுட் பலகையில் இரண்டு வட்டம் போட்டேன். கிரகங்களுக்கு நைனா மில்லிலிருந்து இரண்டு வாஷர் கொண்டுவந்தார். ஜன்னலுக்கு அடித்து மீந்த ரெட் ஆக்சைடைச் சின்ன வாஷருக்குப் பூசியதும் அது செவ்வாயாகிவிட்டது.

முதலில் இரண்டையும் நாள் நாளாக நகர்த்திப் பார்த்தேன். பூமி ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு டிகிரி, செவ்வாய் அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல். நூறு நாள் தாண்டுவதற்குள் கண் பூத்துவிட்டது. பிறகுதான் உறைத்தது, இரண்டும் எங்கே நிற்கின்றன என்று தனித்தனியாகப் பார்க்கவே வேண்டியதில்லை. வேகத்தைக் கழித்தால் போதும். அந்த வித்தியாசத்திலேயே பூமி ஒரு முழுச் சுற்று முந்தியதும் மறுபடி பக்கத்தில் வந்துவிடும். எழுநூற்று எண்பது நாள். புத்தகத்தில் பார்த்தால் அதேதான் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் திமிரில் பலகையின் பின்பக்கம் இன்னும் இரண்டு வட்டம் போட்டேன். ஒன்று நைனா, ஒன்று அம்மா. மேலே ஒரு கோடு, அதுதான் முதல் ஷிப்ட். நைனாவுக்கு மூன்று வாரத்தில் ஒரு சுற்று, அதாவது வாரத்துக்கு நூற்றிருபது டிகிரி. அம்மாவுக்கு இரண்டு வாரம், அதனால் நூற்றெண்பது. கழித்தால் அறுபது. ஆக, ஆறு வாரத்துக்கு ஒருமுறை இருவரும் முதல் ஷிப்ட் கோட்டில் ஒன்றாக நிற்க வேண்டும். கண்காட்சி நடக்கப்போகும் வாரம் சரியாக அந்த வாரம்தான். காலண்டரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். ஆனால் டிகிரியில் கண்டுபிடித்தால்தானே அது கண்டுபிடிப்பு!

முதல் ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும், கண்காட்சி வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. இருவரும் சேர்ந்து என் பள்ளிக்கூடத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. இந்தத் தடவை வந்தே தீருவார்கள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா மீன் கழுவிக்கொண்டே, தனக்கு அடுத்த வாரமும் இரண்டாம் ஷிப்ட்தான் என்றாள். சூப்பர்வைசர் மாற்றிவிட்டாராம். நான் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அப்படி மாற முடியாது, கணக்கில் இடமே இல்லை என்று கத்தினேன். யோசித்துப் பார்த்தால் ஆறு வாரத்துக்கு முன்னால் வந்த முறையும் இவர்கள் கோட்டில் சேரவில்லை. அப்போதுதான் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

"ஒங்க ரெண்டு பேருக்கும் ஒருத்தர ஒருத்தர் புடிக்கல. அதான் மாத்தி மாத்தி ஓடிக்கினு கீறீங்க!"

நைனா டிவி சத்தத்தைக் குறைத்தார். அடி விழும் என்று தோளைக் குறுக்கினேன். அம்மா அடிக்கவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுல நீ எங்கடி கீற?"

"நான் கணக்கு போடறவ. நான் எதுக்கு அதுல வரணும்?"

அவள் மீனுக்குத் திரும்பிப் போனாள். அவளை மடக்கிவிட்டோம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை நைனா மட்டும் வந்தார், மில் தூசி காதோரம் அப்படியே இருக்க. செவ்வாய் வாஷரை விரலால் நகர்த்திப் பார்த்து, "நல்லா போட்டுக்கீறமா" என்றார். இரண்டாம் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். அதை வாங்கும்போதும் அம்மா வராததுதான் மனசில் குறுகுறுத்தது. வெகு நாள் அது போகவும் இல்லை.

போன வருடம் ஒரு கல்யாணத்தில் அம்மாவோடு வேலை பார்த்த அக்கா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்கம்மா ஆறு வாரத்துக்கு ஒருவாட்டி கரெக்டா எங்கிட்ட வந்து நிக்கும்மா. ரெண்டு வாரம் ஷிப்ட்ட மாத்திக்கலாங்க்கா, பொண்ணு ஊட்ல தனியா இருக்கும்னு. அத்த வச்சித்தான் நானே தேதி தெரிஞ்சிக்குவேன்" என்று சிரித்தார்.

இருவருக்கும் முதல் ஷிப்ட் என்றால், கம்பெனி பஸ் வரும் ஐந்தேகாலிலிருந்து பள்ளிக்கூடம் போகும்வரை வீட்டில் நான் மட்டும். அதற்கடுத்த வாரம் இருவருக்கும் இரண்டாவது, அப்போது மாலை முழுக்க நான் மட்டும். இரண்டு வாரத்தையும் அம்மா மாற்றிக்கொண்டிருக்கிறாள். சூப்பர்வைசர் ஒன்றுமே செய்யவில்லை. டிகிரியும் கழித்தலும் இல்லாமல், எனக்கு வெகு காலம் முன்பே அவளுக்கு அந்த ஆறு வாரம் தெரிந்திருக்கிறது. அன்று அவளை என்ன சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

கண்காட்சி அன்று காலை அம்மா எனக்குப் புது ரிப்பன் வைத்துப் பின்னினாள். ஒரு பின்னலை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினாள். நான் அவளிடம் பேசவில்லை. மடியில் பலகையை வைத்துக்கொண்டு, கணக்கில் எங்கே தப்பு என்று மறுபடி வகுத்துக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டாதே என்று அவள் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள்.