பொத்தானை விடுங்க அத்தான்

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுச் சண்டை ஒரு தோட்டம் முழுக்க ஒலிபரப்பானது. ஒலிபரப்பியது வேறு யாருமில்லை... நானேதான்.

கணுக்காலில் கட்டோடு, சிலிபினில் இருக்கும் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சுங்காய்க்குப் பக்கத்தில், நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் அன்று திருவிழா. ரப்பர் போய் செம்பனை வந்துவிட்டது. நாங்கள் குடியிருந்த லயங்களையும் இடித்துவிட்டார்கள். கோயில் மட்டும் நிற்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் வேன் பிடித்துப் போய்விடுவோம்.

என் மனைவி சரோஜாவுக்குப் பால்குட நேர்த்தி. அவளுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, வேறு இருக்கிறது. வெறும் வயிற்றோடு வெயிலில் நடக்காதே என்றேன். கேட்கிற ஆளா அவள்?

"உங்களுக்குக் கால் சுளுக்குன்னா நானும் வீட்ல உக்காரணுமா?" என்றாள். நான் நீட்டிய பிஸ்கட்டைப் பையில்கூடப் போட்டுக்கொள்ளாமல் வேன் ஏறிவிட்டாள்.

தோட்டத்துக்குள் கைப்பேசிக்கு லைன் கிடையாது. அதனால் தொண்டர்கள் கையில் வாக்கி டாக்கி இருக்கும். என் மச்சினன் குணா தொழிற்சாலையில் டெக்னீஷியன். சும்மா இருக்க மாட்டான். ஒரு வாக்கி டாக்கியைக் கேபிள் போட்டு லேப்டாப்போடு இணைத்து, இண்டர்நெட் இருக்கிற கோயில் கொட்டகையில் வைத்துவிட்டான். வர முடியாதவர்களுக்கு ஒரு லிங்க். பிரவுசரில் திறந்தால் போதும் — அங்கே பேசுவது நம் வீட்டில் கேட்கும். நாம் பேசினால் அத்தனை வாக்கி டாக்கியிலும் கேட்கும்.

லேப்டாப்பைத் திறந்து வைத்துச் சுகமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். மேளச் சத்தம், "தண்ணி வண்டி முன்னுக்கு வா லா" என்று ஒரு அதட்டல்... அங்கேயே நிற்கிற மாதிரிதான் இருந்தது.

பத்தரை மணி இருக்கும். குணாவின் குரல் வந்தது.

"பால்குடம் எல்லாம் கோயிலுக்கு வந்தாச்சு. எங்கக்காவ மட்டும் காணோம். யாராச்சும் பார்த்தீங்களா?"

மைக் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன். அவளுக்கு இனிப்புநீர் இருக்கு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, மரத்தடியில் பாருங்கள், கால்வாய்ப் பக்கம் பாருங்கள் என்றேன்.

பதில் இல்லை.

பதில் வராவிட்டால் மனுஷன் என்ன செய்வான்? இன்னும் பேசுவான். நானும் பேசினேன். காலையில் நடந்த சண்டை, பிஸ்கட், எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசியில் குரல் உடைந்துவிட்டது. "சரோஜா, என் மேலதான் தப்பு. நீ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடாது. எங்க இருந்தாலும் வந்துரு..."

பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் பதிலுக்குக் காத்திருந்தேன். என் தலைக்குப் பக்கத்தில் காற்றாடி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. என் வாழ்க்கையிலேயே நீளமான கால் மணி நேரம் அதுதான்.

கைப்பேசி அடித்தது. கொட்டகை இண்டர்நெட்டிலிருந்து குணா.

"அத்தான், மொதல்ல மைக்க அடைங்க லா!"

"ஏன்டா?"

"வாக்கி டாக்கில ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். நீங்க மைக்க தொறந்தே வச்சிருக்கீங்க. நீங்க பேச்ச நிறுத்தினாலும் உங்க கிப்பாஸ் காத்தாடி பேசுது. வேற யாரும் உள்ள வர முடியல. பொத்தான விடுங்க அத்தான்."

விட்டேன். ஒரு நொடி ஆகவில்லை, அந்தக் காலத்தில் எங்கள் எதிர் லயத்தில் இருந்த மேரியின் குரல் வந்தது. மாதா கோயில்காரி என்றாலும் திருவிழாவில் தண்ணீர் கொடுப்பது வருஷா வருஷம் அவள்தான்.

"ஹலோ, ஹலோ... சரோஜாக்கா என்கிட்டதான் இருக்காங்க. எம்புட்டு நேரமா கூப்பிடுறேன். லேசா மயக்கம் வந்துச்சு, மைலோ குடிச்சிட்டு தெளிவா உக்காந்திருக்காங்க. குடத்த கீழ வைக்கக் கூடாதுன்னுட்டாங்க. என் ஒரு கையில குடம், ஒரு கையில இந்த வாக்கி டாக்கி. சீக்கிரம் யாராச்சும் வாங்க, கை வலிக்குது."

அப்பாடா! உட்கார்ந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். கால் மணி நேரமாக அவளைத் தேடியது நான். அவள் கிடைத்த செய்தியை வரவிடாமல் அடைத்துக்கொண்டிருந்ததும் நான். நம்மில் எத்தனை பேர் கவலையை இப்படித்தான் காட்டுகிறோம்?

சாயங்காலம் சரோஜா பிரசாதத்தோடு வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மேரி கையில இருந்த ரேடியோல எல்லாத்தையும் கேட்டேன். முப்பது வருஷத்துல நீங்க பேசி, நான் குறுக்க பேசாம கேட்டது இன்னிக்குத்தான். எங்க, அந்தக் கடைசி வரிய இன்னொரு தடவ சொல்லுங்க."

நேருக்கு நேர் சொல்வது எவ்வளவு கஷ்டம்! ஆனாலும் சொன்னேன்.

சொல்லிவிட்டு, உடனே வாயை மூடிக்கொண்டேன்.