ஸ்கேன் அறையில் அறுந்த அரைஞாண் கயிறு

செல்வி, குமாரு... அப்பா உங்களிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன். போன வருஷம் "ஸ்கேன் எடுத்தாச்சு, எல்லாம் க்ளீன்" என்று போனில் சொன்னேனே — எடுக்கவே இல்லை!

எனக்கு மூத்திரப் பையில் கேன்சர் வந்து மூன்று வருஷம் ஆகிறது. வாராவாரம் நான் எழுதுவதைப் படிப்பவர்களுக்கும் அது தெரியும். சுரண்டி எடுத்தார்கள். அவ்வப்போது கேமரா விட்டுப் பார்க்கிறார்கள். பை சுத்தம். அப்புறம் கிட்னிக்குத் தனியாக ஒரு ஸ்கேன் எதற்கு?

போன வாரம் டாக்டர் ஃபைலைப் புரட்டினார். "போன வருஷ சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட் எங்க?"

பக்கத்தில் உங்கள் அம்மா. "எடுக்கலீங்க" என்றேன் மெதுவாக.

"கரும்பு போடறவருதானே நீங்க? வயல்ல களை எடுத்துட்டு வாய்க்கால அப்படியே வுட்ருவீங்களா?" என்றார் டாக்டர். கிட்னிக் குழாய்க்கும் பைக்கும் உள்ளே ஒரே மாதிரி தோலாம். பையில் முளைத்தது மேலேயும் முளைக்கலாமாம். கேமரா அவ்வளவு தூரம் போகாது.

வெளியே வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "ஏன்யா எடுக்கல?"

எப்படிச் சொல்வது? போன வருஷம் ஸ்கேன் அறையில் இருந்த டெக்னீஷியன் பெண், "ஐயா, தாயத்து இருந்தா படத்துல கோடு கோடா வரும். கழட்டுங்க" என்றது. தாயத்து கோத்த இடுப்புக் கயிற்றைக் கீழே இறக்கிப் பார்த்தேன். தொப்பை வளர்ந்த அளவுக்குக் கயிறு வளரவில்லை. "அப்ப கட் பண்ணிடலாம்" என்று கத்தரிக்கோலை எடுத்தது.

அரைஞாண் கயிற்றையா! நம் பக்கம் புதுசைக் கட்டிவிட்டுத்தானே பழசை அறுப்போம்? வெறும் இடுப்பாக அறுப்பது பிணத்துக்கு அல்லவா!

"மோட்டார நிறுத்தாம வந்துட்டேன்மா" என்று சொல்லிவிட்டு ஓடியவன்தான். பாகூர் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் மூச்சே வந்தது.

இதையெல்லாம் சொன்னதும் அம்மா சிரிக்கவில்லை. "எனக்கு ஸ்கேன் எடுத்தப்ப தாலியக் கழட்டி உன் கையிலதானே குடுத்தேன்? நீ இன்னா, செத்தா பூட்ட?"

மறுநாளே அதே அறை, அதே பெண்.

"மோட்டார நிறுத்திட்டு வந்தீங்களா ஐயா?"

கத்தரிக்கோலை அம்மாவே வாங்கினாள். நான் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாதய்யா. எமன் வந்தாலும் வெறும் இடுப்பப் பாத்துட்டு, 'இவன் கத ஏற்கெனவே முடிஞ்சிருச்சு'ன்னு திரும்பிப் பூடுவான்."

நறுக்!

ஊசியில் மருந்து ஏறியதும் உடம்பெல்லாம் சூடு. அய்யோ, நனைத்துவிட்டேனோ? அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எல்லாருக்கும் அப்படித்தான் தோணும். அசையாதீங்க" என்றது. சாவுக்குப் பயந்தவன், இப்போது மானத்துக்குப் பயந்து படுத்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. இரண்டு கிட்னி, இரண்டு குழாய் — எல்லாம் சுத்தம். இந்த முறை நிஜமாகவே சுத்தம், பசங்களா. வேண்டுமானால் அம்மாவைக் கேளுங்கள். "அடுத்த வருஷமும் வரணும்" என்றார் டாக்டர். அம்மா எனக்கு முன்னால் தலையாட்டினாள்.

ஒரு வருஷம் நான் சும்மா இருந்தேனே... அதற்குள் மேலே ஏதாவது முளைத்திருந்தால்? கயிறு இடுப்பில் பத்திரமாக இருந்திருக்கும். நான்?

அன்று சாயங்காலம் தனியாக மோட்டார் கொட்டகைக்குப் போனேன். தாயத்தை ஸ்கேன் கவருக்குள் போட்டேன். புதுக் கறுப்புக் கயிறு ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

உருவு முடிச்சுதான். இழுத்தால் அவிழும்.