பாம் கேட்டும் என் நாத்தனார் கையும்

என் நாத்தனாருக்குக் கை நீளம். களவாடுகிற கை என்று எண்ணிவிடாதீர்கள், முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும் நிஜமாகவே நீளம். பூ விற்கிறவளுக்கு அது நஷ்டம்தானே என்று கேட்பீர்கள். ஒரு முழம் கேட்டால், என் கை அளக்கிற பூவைவிட அவள் கை அளக்கிற பூ நாலு விரற்கடை கூடுதல். நஷ்டமாவது ஒன்றாவது! ஜனம் முழுக்க என்னைத் தாண்டிக்கொண்டு அவளிடம்தான் போனது. எங்கள் ஊர் ஏரிக்கரை அம்மன் கோயில் வாசலில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் கூடை வைத்திருந்த காலத்தில், அவள் கூடை பதினொரு மணிக்கெல்லாம் காலி. என் கூடை சாயங்காலம் வாடிப்போய் வீடு வந்து சேரும்.

அவள் என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. புருஷன் விட்டுவிட்டுப் போனதும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை போட்டுக்கொண்டாள். பூக் கட்டக் கற்றுக்கொடுத்ததே நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன், வேறென்ன!

இப்படி இருக்கும்போது வடக்கே எங்கேயோ கூட்டத்தில் குண்டு வெடித்தது. ஒரு வாரம் டிவியில் அதுதான். செத்தவர்களின் செருப்புகளைக் காட்டினார்கள். நானும் அழுதேன், இல்லை என்று சொல்லவில்லை. அப்புறம் கூட்டம் சேருகிற கோயில்களில் எல்லாம் சோதனை செய்ய வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஆடி வெள்ளிக்கு எங்கள் கோயிலுக்குக் காஞ்சிபுரம், செங்கல்பட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். அதனால் லிஸ்டில் எங்கள் கோயில் பேரும் ஏறிவிட்டது. ஒருநாள் லாரியில் ஒரு கேட்டு வந்து இறங்கியது. கதவே இல்லாத நிலைப்படி, உச்சியில் சிவப்பு விளக்கு. ஊரில் அதற்குப் பாம் கேட்டு என்று பேர் வைத்துவிட்டார்கள்.

கேட்டுக்கு ஒரு கொட்டகை போட்டார்கள். மேசை, நாற்காலி, ஒரு ஃபேன். ஆம்பிளைகளைச் சோதிக்க உத்திரமேரூரிலிருந்து ஒருவர் வெள்ளிக்கிழமை மட்டும் வருவார். பெண்களைச் சோதிக்க உள்ளூரிலேயே ஒரு பெண் வேண்டும், தினமும் வேலை, பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும் என்றார்கள். நான் பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவள். அவள் பாஸ். அவ்வளவுதான், முடிந்தது கதை.

நீலச் சட்டை, கறுப்பு பேண்ட், தோளில் பட்டை, கழுத்தில் விசில். முதல் நாள் அவள் அதைப் போட்டுக்கொண்டு வெட்கப்பட்டுக்கொண்டே வந்து, என் கூடைக்கு நேர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்கு வெயில், அவளுக்கு ஃபேன். அவளுடைய வாடிக்கையெல்லாம் இனி எனக்குத்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். வாடிக்கை வரவும் செய்தது. ஆனால் பூ வாங்குகிறவர்கள் என்னிடம் சில்லறையை நீட்டிவிட்டு, முகத்தை அவள் பக்கம் திருப்பி, "வணக்கம் மேடம்" என்றார்கள். அடுத்த வீட்டுக்காரி பிள்ளை பெற்றாளென்று அம்மிக்குழவியை எடுத்து வயிற்றில் குத்திக்கொண்டாளாமே ஒருத்தி, அவள் நான்தான்.

என் வீட்டுக்காரர் வேறு சைக்கிளை நிறுத்திவிட்டு நின்று பார்ப்பார். "என் தங்கச்சியப் பாரேன், போலீஸ் டிபார்ட்மெண்டு மாதிரியே கீது!" என்பார். இருபது வருஷமாக நானும் அந்த வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். என்னைப் பார்க்க ஒருநாளும் சைக்கிள் நின்றதில்லை.

அந்தக் கேட்டாவது ஒழுங்காக வேலை செய்ததா? தாலிக்குக் கத்தியது, மெட்டிக்குக் கத்தியது, வெள்ளி அரைஞாணுக்குக் கத்தியது, டிபன் டப்பாவுக்குக் கத்தியது. இரண்டாவது வாரத்துக்குமேல் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. வளையல் விற்கிற பாய் மூட்டையை மட்டும் வெள்ளிக்கிழமை ஆள் தவறாமல் பிரித்துப் போடுவார். நாத்தனார்தான் எழுந்து போய், உடையாமல் திரும்ப அடுக்கிக் கொடுப்பாள்.

ஆயுத பூஜை வந்தது. அரிவாள், மண்வெட்டி, மோட்டார், சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிற ஊர். கேட்டை மட்டும் சும்மா விடலாமா? நாத்தனார் அதைத் துடைத்து, இரண்டு பக்கமும் சந்தனம் குங்குமம் வைத்து, மாவிலை கட்டினாள். பூசாரி கற்பூரம் காட்டினார். மறுநாளிலிருந்து ஆரம்பித்தது கூத்து. வெளியூர்ப் பெண்கள் குங்குமத்தைப் பார்த்துவிட்டு கேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வலது காலை முதலில் எடுத்து வைத்தார்கள். உள்ளே போகும்போது சத்தம் வந்தால் வேண்டுதல் பலிக்கும் என்று எவளோ கிளப்பிவிட்டாள். கல்யாணம் ஆகாத ஒரு பெண், கழுத்திலும் காலிலும் ஒன்றும் இல்லாததால் கேட்டு வாயைத் திறக்காமல் போக, மூன்று தடவை போய் வந்தாள். அப்புறம் அவள் அம்மா மடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் திணித்தாள். கேட்டு கத்தியது. இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

இதில் எனக்கு வியாபாரம். கேட்டுக்குச் சாற்ற என்னிடம்தான் பூ வாங்கினார்கள். என் கையால் அளந்த பூ, அவள் தலைக்குமேல் தோரணம்! காசு வந்தது, வயிறு எரிந்தது.

ஒரு வருஷம் கழித்து மேலிடம் கையை விரித்தது. கேட்டு அரசாங்கத்துடையது, ஆனால் கொட்டகை, கரண்டு, ஆள் சம்பளம் எல்லாம் இனிமேல் பஞ்சாயத்தே பார்த்துக்கொள்ளட்டும், வேண்டாமென்றால் எழுதிக் கொடுங்கள், லாரி அனுப்புகிறோம் என்று தாக்கல் வந்தது. டீக்கடையில் இதே பேச்சு.

"இந்த ஊருக்கு எவன் வந்து குண்டு வெக்கப் போறான்? பஸ்ஸே ஒயுங்கா வர்றதில்ல" என்றார் டீக்கடைக்காரர்.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர் ஒருவர் உண்டு. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வெடிக்கலன்னா செலவு தண்டமா? வெடிக்காம இருக்கத்தான் செலவே. நாளைக்கி ஒரு உசுரு போச்சின்னா, மிச்சம் புடிச்ச காச வெச்சி இன்னா பண்ணுவ?"

வளையல் பாய் மெதுவாகச் சொன்னார்: "வாரா வாரம் எல்லாரும் பாக்க என் மூட்டைய அவுக்குறாங்களே, அந்தச் செலவு எந்த பில்லுல வருது?" டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவப் போய்விட்டார், பட்டாளத்துக்காரர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

காந்தி ஜெயந்திக்குக் கிராம சபை கூடியது. பள்ளிக்கூட மைதானத்தில் தார்ப்பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தோம். நாத்தனார் டூட்டியிலிருந்து அப்படியே சட்டை பேண்டோடு வந்தாள். தலைவர் பார்த்துவிட்டு, "மேடத்துக்கு ஒரு சேர் போடுப்பா" என்றார். முன்வரிசையில் சேர் விழுந்தது. கூசிக்கூசி உட்கார்ந்தாள். நான் தார்ப்பாயில். மடியில் மீந்துபோன சாமந்தி.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சேர்தான் என்னை எழுப்பிவிட்டது. அந்த வேலைதான் அவள் மகளை நர்சிங் சேர்க்கப்போகிறது என்று எனக்குத் தெரியும். வேறு வழி அவளுக்கு இல்லை என்பதும் தெரியும். தெரிந்துதான் எழுந்தேன்.

"தலைவரே, குண்டு வருமா வராதா எனக்குத் தெரியாது. ஏரி மதகு துருப்புடிச்சி ஓட்டையாகி, தண்ணி ஒயுகிப் போறது எனக்குத் தெரியும். கடைசி மடையில எங்க நெலம் நாலு வருசமா காஞ்சிக்கினு கீது. வராத குண்டுக்கு ஃபேன் போட்டு ஆள குந்த வெச்சிக்கீறீங்க. இருக்கிற தண்ணிய தேக்கிறதுக்கு ஒரு ஷட்டர் இல்ல! தாலிக்கும் மெட்டிக்கும் கத்துற கேட்டு, அதுக்கு ஒரு காவல், அந்தக் காவலுக்கு ஒரு சம்பளம்! இது இன்னா ஞாயம்?"

சொல்லும்போது தலைவரைப் பார்க்கவில்லை, நீலச் சட்டையைப் பார்த்துச் சொன்னேன். கைதட்டல் என்றால் கைதட்டல்! விசில்கூட அடித்தார்கள். என் வாழ்நாளில் எனக்கு யாரும் கைதட்டியதில்லை. உச்சி குளிர்ந்துபோனது.

பட்டாளத்துக்காரர் எழுந்து மறுத்துப் பேசினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தலைவர் கடைசியில், "பேசினது போதும். கேட்டு செலவ நிறுத்திட்டு அந்தப் பணத்துல மதகு போடலாம்ன்றவங்க கை தூக்குங்க" என்றார்.

ஒரு கையும் எழவில்லை. அவ்வளவு நேரம் தட்டின கைகள் மடியில் கிடந்தன. அவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள், புருஷன் இல்லாதவள், வயசுக்கு வந்த மகளை வைத்திருக்கிறவள். அவள் முகத்துக்கு நேராக எவன் கை தூக்குவான்? நானேகூடத் தூக்கவில்லை. பேசினவள் நான். என் கை சாமந்திக்குள் கிடந்தது.

அப்போது முன்வரிசையில் ஒரு கை எழுந்தது. நீலச் சட்டைக் கை, நீளமான கை. அதைப் பார்த்துவிட்டுப் பின்னால் நாலு கை, பத்து கை, அப்புறம் தார்ப்பாய் முழுக்கக் கை. தீர்மானம் நிறைவேறிவிட்டது.

திரும்பி வரும்போது கரைமேல் அவளை நிறுத்திக் கேட்டேன். "இன்னாத்துக்குடி கைய தூக்கின? புத்தி கீதா உனக்கு? பொண்ண நர்சிங் சேக்கணும்னியே?"

"நீ சொன்னது ஞாயந்தானே அண்ணி" என்றாள். "அண்ணன் தண்ணிக்காவ நாலு வருசமா ராவும் பகலுமா மடையில நின்னுக்கினு கீது. நான் ஃபேனுக்குக் கீய குந்திக்கினு இருந்தா நல்லாவா கீது? எனக்குத் தோணவே இல்ல பாரு. நீயாவது அண்ணனுக்கோசரம் எயுந்து பேசினியே." சொல்லிவிட்டு என் மடியிலிருந்த சாமந்தியில் ஒன்றை எடுத்துத் தலையில் செருகிக்கொண்டாள்.

நான் பேசியது அண்ணனுக்காக இல்லையடி, உன் நாற்காலிக்காக என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

லாரி வந்து, பொட்டும் மாவிலையுமாகக் கேட்டை ஏற்றிக்கொண்டு போனது. இரண்டு கிழவிகள் பின்னாலேயே நடந்து போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். அடுத்த மழைக்குமுன் மதகுக்குப் புது ஷட்டர் வந்தது. எங்கள் நிலத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது. என் வீட்டுக்காரர் நாற்றை நட்டுவிட்டு வந்து டீக்கடையில் சொன்னாராம்: "எல்லாம் என் தங்கச்சி தூக்கின கை!" பேசினவளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்கும் பொறாமைப்படுவாயா என்று கேட்காதீர்கள், படுவேன். சட்டைமேல் பட்ட பொறாமையாவது லாரியோடு போனது. அந்தக் கையின்மேல் பட்டது மட்டும் போகவே மாட்டேன் என்கிறது. அப்படி ஒரு கை எனக்கு எழாது என்று தெரிந்துவிட்டதே!

அவள் திரும்பவும் என் பக்கத்தில் கூடை வைத்திருக்கிறாள். ஜனம் என்னைத் தாண்டிக்கொண்டு அவளிடம் போகிறது. மகள் நர்சிங் சேரவில்லை. ஒரகடம் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலை. காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் கோயிலைத் தாண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்து, "அம்மா! அத்தை!" என்று இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிடுவாள். பக்கத்தில் அந்த நீளமான கை மேலே எழும்பி ஆடும். நான் பூ எடுக்கிறவள்போலக் கூடைக்குள் குனிந்துகொள்வேன்.