பேட்டரியைப் பற்றி அவர் சொன்னது

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் எதையும் படித்துப் பார்க்காமல் வாங்க மாட்டேன். அக்கா கல்யாணத்துக்கு நானே போட்டோ எடுப்பதாகச் சொல்லிவிட்டு, பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கலாமா என்று இணையத்தில் தேடித்தேடிப் படித்தேன். பிறகு, விற்பதாக விளம்பரம் போட்டிருந்த ஒருவரைத் தேடி மயிலாப்பூர் போனேன்.

முழங்கை வரை மடித்த சட்டை, நெற்றிக்கு ஏற்றிய மூக்குக்கண்ணாடி. வாயைத் திறக்கும் முன் ஒவ்வொரு தடவையும் கேமரா லென்ஸை ஒரு ஊது ஊதிக்கொள்வார்.

"விளம்பரத்துல கேமரா படம் பளிச்சுன்னு இருந்துச்சு சார்."

"அதுவா, போன்ல எடுத்தேன்," என்றார், கூச்சமே இல்லாமல்.

"அப்போ போனே போதுமே சார், இது எதுக்கு?"

ஊதினார். "போனை வெச்சுண்டு நின்னா, சாப்டாச்சான்னு கேட்டு பந்திக்கு அனுப்பிடுவா தம்பி. இதை மாட்டிண்டு நில்லுங்கோ, மாப்பிள்ளையே நீங்க சொன்ன இடத்துல நிப்பார்."

"பேட்டரி நாள் முழுக்க வருமா?"

மறுபடி ஊதினார். "கழுத்துல கிடந்தா போறும்."

நழுவுகிறார் என்று தெரிந்தது. ஆனாலும் மாப்பிள்ளை நிற்பார் என்ற ஆசையில் வாங்கிவிட்டேன்.

தாலி கட்டி முடித்ததும் பேட்டரி தீர்ந்தது. கேமராவைக் கழுத்திலேயே தொங்கவிட்டு, மிச்சத்தைப் போனில் எடுத்தேன். மாப்பிள்ளையும் அவருடைய பெரியப்பாவும் நான் கை காட்டிய இடத்தில் விறைப்பாக நின்றார்கள். கேமரா விற்ற அந்த மனிதர் என்னை ஏமாற்றினாரா, கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொன்னாரா என்பது இன்னும் எனக்கு விளங்கவில்லை.