எட்டடி தள்ளி நட்ட முளை

சுதந்திரம் கிடைத்த புதிதில், ரயில் பாதைக்கு அளக்கத் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு சர்வேயர் வந்தார். ஓயாமல் அளக்கும் கருவியின் குழல் வழியே பார்த்த பழக்கமோ என்னவோ, சாயா குடிக்கும்போதுகூட இடக்கண்ணை மூடியே வைத்திருப்பார்.

தோவாளையில் என் பிச்சிப்பூத் தோட்டத்தின் நடுவே ஒரு சிவப்பு முளையை அடித்தார். அவர் தலை மறைந்ததும் அதைப் பிடுங்கி, எட்டடி தள்ளி வரப்புக்கு அப்பால் நட்டேன்.

மறுநாள் வந்தவர் கருவியைத் திறக்கவே இல்லை. இடக்கண்ணை மூடி ஒரு பார்வை பார்த்தார். நேரே செடிகளுக்குள் நடந்து, நான் மண்ணிட்டு மூடிய குழியின் மேலேயே வந்து நின்றார்.

"எட்டடி போதாதுவே," என்றார், கோபமே இல்லாமல். "ரயில் என்ன மாட்டுவண்டியா, சட்டுனு திருப்ப? ஒம்ம தோட்டத்த விட்டு வெலகணும்னா, அன்னா தெரியுத மலையடிவாரத்துலயே வளைக்கணும்."

"வளைச்சிருங்க சாரே."

"வளைச்சா பெரியகொளத்துக் கரைய ஒடைக்கணும். ஒமக்குத் தண்ணி எங்கேருந்து வருது?"

முளையைப் பிடுங்கி, பழைய குழியில் நானே அடித்தேன்.

இருபது வருஷமாகியும் அந்த ரயில் இன்னும் வரவில்லை. சில நாள் அந்த இடத்தில் நின்று இடக்கண்ணை மூடிப் பார்ப்பேன். எனக்குப் பிச்சிச் செடிதான் தெரிகிறது.